மாதா கோயிலுக்கு என்ன விலை?

இங்கிலாந்தில் ஸ்டூக்லி என்று ஒரு கிராமம் இருக்கிறது. லண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஊர். நீளமான ஒரே தெரு. தெருவின் இரு பக்கமும் வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் வயல்கள், மேய்ச்சல் நிலங்கள்.

அந்தத் தெருவில் ஒரு மாதா கோயில் இருக்கிறது. 12-ம் நூற்றாண்டில் கட்டியது. வாசல் வளைவைச் சுற்றி, ரம்பப் பல்லைப் போல மேலும் கீழுமாகக் கல்லில் கோலம் செதுக்கியிருக்கிறார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஊர்க்காரர்களுக்குப் பெயர் வைத்ததும், கல்யாணம் நடந்ததும், கடைசியில் மண்ணில் புதைத்ததும் அங்கேதான்.

இந்தக் கோயிலின் விலை என்ன?

கேள்வி விசித்திரமாக இருக்கிறது அல்லவா? கோயிலை யார் விற்கப் போகிறார்கள்? யார் வாங்கப் போகிறார்கள்?

ஆனால் 1970-ம் ஆண்டு வாக்கில் லண்டனில் சில நிபுணர்கள் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து இந்தக் கேள்விக்குப் பதில் எழுதினார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. கடவுளை நிந்திக்க வேண்டும் என்ற எண்ணமும் அவர்களுக்கு இல்லை. அவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டிருந்தது. லண்டனுக்குப் புதிதாக ஒரு விமான நிலையம் வேண்டும். அதை எங்கே கட்டினால் நாட்டுக்கு லாபம் அதிகம், நஷ்டம் குறைவு? கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்!

நான்கு இடங்களைப் பார்த்தார்கள். அதில் ஒன்று ஸ்டூக்லிக்குப் பக்கத்தில் இருந்தது.

பாலம் கட்டலாமா?

ரோடு போடுவதற்கும், ரெயில் விடுவதற்கும், துறைமுகம் கட்டுவதற்கும் இப்படிக் கணக்குப் போடுவது ஏன்?

ஒரு வியாபாரி கடை வைக்கிறார். அவருக்குக் கணக்கு சுலபம். முதல் இவ்வளவு, வரவு இவ்வளவு, மீதி லாபம். கையில் காசு மிஞ்சினால் கடை நடக்கும். மிஞ்சாவிட்டால் கதவைச் சாத்துவார்.

சர்க்கார் கட்டும் பாலத்துக்கு இந்தக் கணக்கு போதுமா?

போதாது என்று 1844-ம் ஆண்டிலேயே ஒருவர் எழுதினார். அவர் பெயர் ழூல் டுபுய். பிரான்சு நாட்டின் சாலை, பாலம் இலாகாவில் இன்ஜினீயர்.

அவர் சொன்ன விஷயத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம். ஓர் ஆற்றின் மேல் பாலம் இருக்கிறது. கடந்து போக ஒரு காசு சுங்கம். ஒரு பால்காரி தினமும் அந்தப் பாலத்தில் போகிறாள். பாலம் இல்லாவிட்டால் அவள் நாலு மைல் சுற்றிப் போக வேண்டும். அவளிடம் ஐந்து காசு கேட்டிருந்தாலும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்திருப்பாள். ஒரு காசோடு வேலை முடிந்துவிட்டது. மீதி நான்கு காசு அவளுக்கு லாபம்! அந்த நான்கு காசு சுங்கச்சாவடிப் பெட்டியில் விழவில்லை. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. ஆனாலும் அது பாலம் கொடுத்த நன்மைதான்.

அதே ஊரில் இன்னொருவர். ஒரு காசு கொடுக்கவும் வழியில்லாமல் பாலத்துக்கு வராமலே நின்றுவிட்டார். சுங்கம் வைத்ததால் அவருக்குப் பாலத்தின் பயன் கிடைக்கவில்லை. இதுவும் கணக்கில் வர வேண்டும் என்றார் டுபுய்.

இதிலிருந்துதான் புதுக் கணக்கு பிறந்தது. கல்லாப் பெட்டியை மட்டும் பார்க்காதே, ஊர் முழுவதையும் பார் என்பது அதன் முதல் பாடம். 1936-ம் ஆண்டில் அமெரிக்கா வெள்ளத் தடுப்புச் சட்டம் ஒன்றைப் போட்டது. அணைக்கும் கரைக்கும் பணம் ஒதுக்க வேண்டுமானால், அதனால் வரும் நன்மை, யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும் சரி, செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.

பூமிக்கு அடியில் ஒரு ரெயில்

இந்தக் கணக்கு நன்றாக வேலை செய்த இடமும் லண்டன்தான்.

லண்டனில் விக்டோரியா லைன் என்று ஒரு பாதாள ரெயில் பாதை இருக்கிறது. ஊரின் வடகிழக்கில் வால்தம்ஸ்டோ என்ற இடத்திலிருந்து ஊர் நடுவே புகுந்து தெற்கே போகிறது. இதைக் கட்ட 1955-ம் ஆண்டிலேயே பார்லிமெண்ட் அனுமதி கொடுத்துவிட்டது. பணம் மட்டும் கொடுக்கவில்லை!

காரணம் எளிது. டிக்கெட் விற்று வரும் வருமானம், பாதை தோண்டும் செலவுக்குக் கட்டாது. வியாபாரியின் கணக்குப்படி பார்த்தால் நஷ்டம்.

அப்போது கிறிஸ்டோபர் பாஸ்டர், மைக்கேல் பீஸ்லி என்று இரண்டு பொருளாதார நிபுணர்கள் வேறு மாதிரி கணக்குப் போட்டார்கள். டிக்கெட் வருமானத்தோடு நிற்கவில்லை. யார் யாருக்கு என்னென்ன மிச்சமாகும் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனார்கள்.

புது ரெயிலில் ஏறுகிறவருக்கு நேரம் மிச்சம். அது எல்லோருக்கும் தெரிந்தது. பழைய ரெயில்களில் கூட்டம் குறையும். அங்கே நிற்கிறவருக்கு உட்கார இடம் கிடைக்கும். அதற்கும் ஒரு தொகை போட்டார்கள். காரில் போகிறவர் சிலர் ரெயிலுக்கு மாறுவார்கள். அதனால் ரோட்டில் நெருக்கடி குறையும். புது ரெயிலில் காலே வைக்காத பஸ் பிரயாணிக்கும், லாரி டிரைவருக்கும் நேரமும் பெட்ரோலும் மிச்சம்.

கூட்டிப் பார்த்தபோது ஆச்சரியம்! கிடைக்கும் நன்மையில் பாதிக்கு மேல், அந்த ரெயிலில் ஏறவே போகாத ஜனங்களுக்குப் போய்ச் சேருகிறது. எல்லாவற்றையும் சேர்த்தால், போட்ட முதலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 11 வீதம் ஊருக்கு லாபம். கல்லாவில் நஷ்டம், ஊருக்கு லாபம்!

இந்தக் கணக்கு 1963-ம் ஆண்டில் அச்சில் வந்தது. அதற்கு முன்பே, 1962-ல், சர்க்கார் பாதைக்கு அனுமதி கொடுத்துவிட்டது. கணக்கு அனுமதியைக் கொண்டுவந்ததா, அனுமதிக்குக் கணக்கு துணை வந்ததா என்று பிறகு பலர் வாதாடினார்கள். எப்படியிருந்தாலும் அதற்குப் பிறகு எந்தப் போக்குவரத்துத் திட்டத்தையும் டிக்கெட் வருமானத்தை மட்டும் வைத்து நிறுத்திவிட முடியவில்லை.

கட்டிய விதமும் சொல்லத் தக்கது. ஆக்ஸ்போர்டு சர்க்கஸ் என்பது லண்டனில் ஜனங்கள் மொய்க்கும் நாற்சந்தி. அங்கே ரோட்டை மூடினால் ஊரே நின்றுவிடும். 1963 ஆகஸ்டு மாதம் ஒரு விடுமுறை வந்தது. அந்தச் சில நாட்களுக்குள் நாற்சந்தியின் மேல் இரும்பினால் ஒரு மேடை போட்டுவிட்டார்கள். மேடைக்கு மேலே பஸ்ஸும் காரும் ஓடின. கீழே ஆட்கள் குழி தோண்டி நிலையம் கட்டினார்கள். சுமார் ஐந்து ஆண்டு இப்படியே நடந்தது.

1968 செப்டம்பர் 1-ந் தேதி முதல் பகுதி திறக்கப்பட்டது. 1969 மார்ச்சில் எலிசபெத் ராணி விக்டோரியா நிலையம் வரை உள்ள பாதையைத் திறந்துவைத்தார். 1971-ல் பாதை பிரிக்ஸ்டன் வரை நீண்டது. இன்றைக்கும் அந்தப் பாதையில் காலையும் மாலையும் கால் வைக்க இடம் கிடையாது.

நேரத்துக்கு ஒரு விலை

இந்தக் கணக்கின் உயிர்நாடி எது? நேரம்தான்.

ஒரு புது ரோட்டினால் ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் என்ன பெரிய விஷயம்? ஒரு வெற்றிலை போடும் நேரம். ஆனால் தினமும் ஒரு லட்சம் பேர் அந்த ரோட்டில் போனால்? ஒரு நாளைக்கு 8,000 மணிக்கு மேல். ஆண்டுக்கு 300 நாள் என்றால் 25 லட்சம் மணி! ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரூபாய் என்று போட்டாலும் 25 லட்சம் ரூபாய்.

சரி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரூபாய் என்பதை யார் முடிவு செய்வது?

கம்பெனி வேலையாகப் போகிறவருடைய நேரத்துக்கு அவருடைய சம்பளத்தை வைத்து விலை போடுகிறார்கள். அவர் ரெயிலில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கும் முதலாளி சம்பளம் கொடுக்கிறாரே! மற்றவருடைய நேரத்துக்கு மிகவும் குறைந்த விலை. அந்த "மற்றவர்" யார்? கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவரும் அதில் உண்டு. ஆஸ்பத்திரியில் கிடக்கும் தாயைப் பார்க்க ஓடுகிறவளும் அதில் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே விலை!

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பாலம் இன்று கட்டுகிறோம். பலன் ஐம்பது ஆண்டு வருகிறது. ஐம்பது ஆண்டு கழித்து வரும் நூறு ரூபாயும், இன்று கையில் இருக்கும் நூறு ரூபாயும் ஒன்றா? ஒன்றல்ல. வட்டியைக் கழிக்க வேண்டும். நூற்றுக்கு 6 வட்டி என்றால், ஐம்பது ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 5 ரூபாய் 43 காசுதான். பேரன் அனுபவிக்கப் போகும் நன்மை, தாத்தாவின் கணக்கில் இப்படிச் சுருங்கிவிடுகிறது. வட்டியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் ஒரு திட்டம் லாபமாகவும் தெரியும், நஷ்டமாகவும் தெரியும். அதனால் கணக்கைக் காட்டுகிறவரிடம் "என்ன வட்டி போட்டீர்கள்?" என்று முதலில் கேட்க வேண்டும்.

வேலை வாய்ப்பு பற்றியும் பெரிதாகப் பேசுவார்கள். புறவழிச் சாலை வந்தால் இத்தனை ஓட்டல் வரும், இத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று மேடையில் முழங்குவார்கள். பழைய ரோட்டில் நாற்பது ஆண்டாக இட்லி விற்றவர் கடையை மூடுவதை யாரும் சொல்லமாட்டார்கள். நாட்டுக் கணக்கில் ஒரு கடை திறந்தது, ஒரு கடை மூடியது, கூட்டினால் பூஜ்யம். ஆனால் மூடியவர் வீட்டில் அது பூஜ்யம் அல்ல! ஆகவே கெட்டிக்கார அதிகாரிகள் இரண்டு தாள் வைத்துக்கொள்கிறார்கள். நாட்டுக்கு மொத்தத்தில் என்ன என்று ஒரு தாள். யாருக்கு வந்தது, யாரிடமிருந்து போனது என்று இன்னொரு தாள்.

ஒரே நன்மையை இரண்டு தடவை எண்ணும் ஏமாற்றும் உண்டு. ரோடு வந்ததால் நேரம் மிச்சம் என்று ஒரு தொகை. ரோடு வந்ததால் மனை விலை ஏறியது என்று இன்னொரு தொகை. நேரம் மிச்சமாகிறது என்பதால்தானே மனை விலையே ஏறியது? ஒரு மாட்டை முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை எண்ணி இரண்டு மாடு என்று சொல்வதைப் போன்றது இது.

நீதிபதி வந்தார்

விக்டோரியா லைன் கணக்கு கொடுத்த தைரியத்தில், அதைவிடப் பெரிய காரியத்துக்கு இதே முறையைக் கொண்டு போனார்கள். அங்கேதான் வினை வந்தது.

1960-க்குப் பிறகு லண்டனுக்கு வரும் விமானங்கள் பெருகிக்கொண்டே போயின. ஹீத்ரோ, காட்விக் என்று இரண்டு நிலையங்கள் இருந்தன. மூன்றாவது வேண்டும் என்றார்கள். ஸ்டான்ஸ்டெட் என்ற இடத்தை அதிகாரிகள் தேர்ந்தெடுத்தார்கள். ஊரார் எதிர்த்தார்கள். விசாரணை நடந்தது. விசாரணை செய்த அதிகாரியே, "இங்கேதான் கட்ட வேண்டும் என்பது நிரூபணமாகவில்லை" என்ற கருத்தைச் சொன்னார். சர்க்கார் கேட்கவில்லை. 1967-ல் ஸ்டான்ஸ்டெட்தான் என்று அறிவித்தது. கூச்சல் இன்னும் பலமானது.

வேறு வழியில்லாமல் 1968-ல் ஒரு கமிஷன் போட்டார்கள். தலைவர், ஐகோர்ட்டு நீதிபதி ராஸ்கில். அவரோடு ஆறு பேர். பொருளாதாரப் பேராசிரியர், இன்ஜினீயர், விமானக் கலைப் பேராசிரியர், தொழிலதிபர், நகர அமைப்பு நிபுணர் என்று ஆளுக்கு ஒரு துறை. நான்கு ஓடுபாதை உள்ள பெரிய நிலையத்தை எங்கே, எப்போது கட்டுவது என்று சொல்ல வேண்டும். இதுவரை எந்த நாட்டிலும் நடக்காத அளவுக்கு நுணுக்கமாகக் கணக்குப் போடுவது என்று முடிவாயிற்று. செலவு பத்து லட்சம் பவுனுக்கு மேல்! அன்று ஒரு பவுனுக்கு 18 ரூபாய்.

நீண்ட பட்டியலில் 78 இடங்கள் இருந்தன. வடிகட்டி வடிகட்டி நான்கில் நிறுத்தினார்கள். ஸ்டூக்லிக்குப் பக்கத்தில் உள்ள கப்ளிங்டன் ஒன்று. தர்லி ஒன்று. நட்ஹாம்ஸ்டெட் ஒன்று. இந்த மூன்றும் உள்நாட்டு வயல்வெளி. நான்காவது பௌல்னெஸ். அது கிழக்கே கடலோரம். சேறும் மணலும் நிறைந்த இடம். அங்கே பட்டாளத்தின் பீரங்கிச் சோதனைத் திடல் இருந்தது. குளிர்காலத்தில் வடதுருவப் பக்கத்திலிருந்து கரிய காட்டு வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு சண்டைக்கும் காரணமான ஸ்டான்ஸ்டெட் அந்த நான்கில் இல்லை!

"எவ்வளவு கொடுத்தாலும் போகமாட்டேன்"

நிபுணர்கள் வேலையைத் தொடங்கினார்கள். நிலத்தின் விலை எழுதினார்கள். ஓடுபாதை போடும் செலவு எழுதினார்கள். பீரங்கித் திடலை வேறு இடத்துக்கு மாற்றும் செலவைக்கூட எழுதினார்கள். விமானங்கள் வானத்தில் சுற்றிவரும் தூரத்துக்கு ஒரு தொகை போட்டார்கள். பிரயாணிகள் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு வந்துபோகும் நேரத்துக்கும் கூலிக்கும் ஒரு தொகை போட்டார்கள். இந்தக் கடைசி இரண்டும்தான் மலை போல வந்தன. மற்றவை அதன் முன்னால் மடுதான்.

சத்தத்துக்கும் விலை உண்டு. தலைக்கு மேல் விமானம் பறந்தால் வீட்டின் விலை இறங்கும். எவ்வளவு இறங்குமோ அதுதான் சத்தத்தின் விலை!

அடுத்து, வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்கள். சந்தை விலையைக் கொடுத்தால் போதுமா? போதாது என்பது நிபுணர்களுக்கும் தெரிந்தது. பாட்டன் நட்ட மரம், பக்கத்து வீட்டுச் சிநேகிதம், பழகிய தெரு இவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் அல்லவா? ஆகவே ஜனங்களிடமே கேட்டார்கள். "சந்தை விலைக்கு மேல் எவ்வளவு கொடுத்தால் சந்தோஷமாக வீட்டை விட்டுப் போவீர்கள்?"

பலர் ஒரு தொகையைச் சொன்னார்கள். ஆனால் நூற்றுக்கு எட்டுப் பேர், "எவ்வளவு கொடுத்தாலும் போகமாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது நிபுணர்கள் விழித்தார்கள். எட்டுப் பேரின் வீட்டுக்கு விலையே இல்லை என்று எழுதினால் கூட்டல் எப்படி முடியும்? எந்த இடத்திலும் எதையும் கட்ட முடியாதே! ஆகவே அவர்களுக்கும் தாங்களாகவே ஒரு தொகையைப் போட்டுக் கணக்கை முடித்தார்கள். "முடியாது" என்று சொன்னவன் பெயருக்கு எதிரே ரூபாய் அணா பைசா எழுதியதைப் போல ஆயிற்று.

பிறகு மாதா கோயில். ஸ்டூக்லி கோயிலுக்கு என்ன தொகை போடுவது? கோயில் சந்தைக்கு வராதே. யோசித்தார்கள். கோயிலைத் தீ விபத்துக்காக இன்ஷூர் செய்திருந்தார்கள். அந்த இன்ஷூரன்ஸ் தொகையை எடுத்துக் கோயிலின் மதிப்பு என்று வைத்துக்கொண்டார்கள்!

ஊர் கொதித்தது

செய்தி வெளியே வந்ததும் நாடு முழுவதும் சிரித்தது. ஸ்டூக்லி சிரிக்கவில்லை.

அந்தப் பக்கத்துக் கிராமங்கள் ஒன்று சேர்ந்து ஒரு எதிர்ப்புச் சங்கம் அமைத்தன. விவசாயிகள் டிராக்டர்களில் ஏறி ஊர்வலம் வந்தார்கள். கிழவிகள் வீட்டு வாசலில் எதிர்ப்பு அட்டை தொங்கவிட்டார்கள். வக்கீல் வைத்து, நிபுணர்களை வைத்து, கமிஷன் முன்பு கணக்குக்குக் கணக்கு வாதாடினார்கள்.

படித்தவர்களும் சும்மா இருக்கவில்லை. பீட்டர் செல்ப் என்ற பேராசிரியர், இந்தக் கணக்கு முழுவதும் பொய்க்காலில் ஏறி நிற்கும் அபத்தம் என்று கட்டுரைக்குத் தலைப்பே போட்டார். ஜான் ஆடம்ஸ் என்ற பூகோள ஆசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். கமிஷனுடைய முறையையே எடுத்துக்கொண்டு தாமும் ஒரு கணக்குப் போட்டார். பிரயாணிகள் வந்துபோகும் நேரம்தானே பெரிது? அப்படியானால் விமான நிலையம் ஊருக்கு நடுவில் இருப்பதுதான் லாபம். லண்டன் நகரின் மத்தியில் உள்ள ஹைடு பார்க் பூங்காவிலேயே கட்டிவிடலாம் என்று விடை வந்தது! கேலிக்கு எழுதிய கணக்குதான். ஆனால் கூட்டலில் தப்புக் கண்டுபிடிப்பது சிரமமாக இருந்தது.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பலரும் நிபுணர்களைத் திட்டினார்களே தவிர, வேறு எப்படி முடிவு செய்வது என்று சொன்னவர் குறைவு. கணக்கு இல்லாவிட்டால் யார் குரல் பெரிதோ அவர் ஊர் தப்பும். குரல் இல்லாத ஊரில் ஓடுபாதை விழும். கணக்காவது எல்லோர் பெயரையும் ஒரே தாளில் எழுதுகிறது. எழுதிய விலை சரியா என்பது வேறு விஷயம்.

ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடவில்லை

1970 டிசம்பரில் முடிவு தெரிந்தது. 1971 ஜனவரியில் அறிக்கை வெளிவந்தது. கமிஷன் சொன்ன இடம் கப்ளிங்டன்!

கணக்கு அப்படித்தான் வந்தது. கடலோரத்துப் பௌல்னெஸில் சத்தத்தினால் கஷ்டப்படுகிறவர்கள் குறைவு. ஆனால் அங்கே கட்டினால் 15 கோடி பவுனுக்கு மேல் அதிகச் செலவு. அன்றைய ரூபாயில் 270 கோடி. அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி, பிரயாணிகள் அவ்வளவு தூரம் வந்துபோகும் நேரமும் கூலியும்தான்.

ஏழு பேரில் ஆறு பேர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மறுத்தார். அவர் பெயர் காலின் புக்கானன். நகர அமைப்பு நிபுணர். பட்டணங்களில் கார்கள் பெருகினால் என்ன ஆகும் என்று 1963-ம் ஆண்டிலேயே அறிக்கை எழுதிப் பெயர் வாங்கியவர்.

அவர் தனியாக மறுப்புக் குறிப்பு எழுதினார். லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பச்சை வெளி ஒரு தடவை போனால் போனதுதான். உள்நாட்டு இடம் எதிலே கட்டினாலும் அது இயற்கைக்கே பேராபத்து. பணம் அதிகமானாலும் கடலோரமே சரி என்பது அவருடைய வாதம். தமது வாதத்துக்கு அவர் தொகை போட்டுக் காட்டவில்லை. காட்டவும் முடியாது என்றுதான் அவர் நினைத்தார்.

ஆறு பேர் ஒரு பக்கம், ஒருவர் ஒரு பக்கம். எது ஜெயித்தது?

ஒருவர்தான்! 1971 ஏப்ரலில் சர்க்கார் கமிஷனின் சிபாரிசைத் தள்ளிவிட்டது. பௌல்னெஸில் கட்டுவது என்று அறிவித்தது. இரண்டு ஆண்டு உழைத்துப் பத்து லட்சம் பவுன் செலவு செய்து போட்ட கணக்கு அலமாரிக்குப் போயிற்று. ஸ்டூக்லிக்காரர்கள் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

கதை இன்னும் இருக்கிறது

பௌல்னெஸிலாவது விமானம் இறங்கியதா? அதுவும் இல்லை.

1973-ல் அதற்காகத் தனிச் சட்டமே போட்டார்கள். மேப்ளின் திட்டம் என்று பெயரும் வைத்தார்கள். அதே ஆண்டு கடைசியில் அரபு நாடுகள் எண்ணெயைக் கட்டுப்படுத்தின. பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியது. பறக்கும் ஜனங்கள் இவ்வளவு பெருகுவார்கள் என்று போட்ட மதிப்பீடு ஆட்டம் கண்டது.

இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1970 ஜனவரியில் ஜம்போ விமானம் ஓட ஆரம்பித்திருந்தது. ஒரே தடவையில் முன்னூறு, நானூறு பேரைத் தூக்கிக்கொண்டு போகும் ராட்சத விமானம். பழைய விமானம் இரண்டு மூன்று தடவை இறங்க வேண்டிய இடத்தில் இது ஒரு தடவை இறங்கினால் போதும். அவசரமாக நான்கு ஓடுபாதை எதற்கு?

1974 ஜூலையில் புதிதாக வந்த தொழிற்கட்சி சர்க்கார் மேப்ளின் திட்டத்தைக் கைவிட்டது. காட்டு வாத்துகள் பிழைத்தன.

அப்புறம் சுற்றிச் சுற்றி எங்கே வந்தார்கள் தெரியுமா? ஸ்டான்ஸ்டெட்டுக்கு! 1967-ல் இதுதான் என்று அறிவித்து, பிறகு கமிஷனின் நான்கு இடங்களிலும் சேர்க்காமல் விட்ட அதே ஸ்டான்ஸ்டெட்! இன்னொரு நீண்ட விசாரணைக்குப் பிறகு 1985-ல் அனுமதி கிடைத்தது. புது நிலையக் கட்டடத்தை நார்மன் பாஸ்டர் என்ற புகழ்பெற்ற சிற்பி வரைந்தார். 1991-ல் திறந்தார்கள். இன்று ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் அதிகமான பேர் அங்கே வந்து போகிறார்கள். நான்கு ஓடுபாதை இல்லாவிட்டால் லண்டன் திணறிவிடும் என்று சொன்னார்களே, ஸ்டான்ஸ்டெட்டில் இன்றும் ஒரே ஓர் ஓடுபாதைதான்.

நேரத்துக்கு என்ன விலை, சத்தத்துக்கு என்ன விலை என்று எல்லோரும் சண்டை போட்டார்கள். எத்தனை பேர் பறப்பார்கள், எந்த விமானத்தில் பறப்பார்கள் என்ற முதல் வரியே மாறிப்போகும் என்று அவ்வளவாக யாரும் சண்டை போடவில்லை!

கணக்குப் போடுவதை இங்கிலாந்து விட்டுவிடவில்லை. முறையை மாற்றிக்கொண்டது. 1998-ல் ரோடுகளுக்கு ஒரு புது ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரே தாளில் அட்டவணை. பணமாகச் சொல்லக்கூடியது ஒரு பக்கம். சத்தம், காட்சி அழகு, பழமையான கட்டடம், பறவை, மிருகம் இவையெல்லாம் பக்கத்திலேயே தனித் தனி வரிசையில். பழமையான கோயிலுக்குத் தொகை போட வேண்டியதில்லை. "மிகவும் பாதிக்கும்" என்று எழுதினால் போதும். முடிவு செய்யும் மந்திரி இரண்டையும் படித்துவிட்டுத் தாமே பொறுப்பு ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவுவது கொஞ்சம் கஷ்டம்.

ரம்பப் பல் கோலம் போட்ட வாசலோடு ஸ்டூக்லி கோயில் இன்றும் அதே தெருவில் நிற்கிறது. கப்ளிங்டன் பக்கம் போகிறவர்கள் ரோட்டோரத்தில் ஒரு சிறு தோப்பைப் பார்க்கலாம். போராடிய ஜனங்களுக்கு நன்றியாக 1972-ல் மாவட்ட நிர்வாகம் நட்ட மரங்கள். நடுவே ஒரு கல் இருக்கிறது. ஓடுபாதைகளுக்காகக் கேட்ட நிலத்தில் ஐம்பது ஆண்டுக்கு மேலாக அந்த மரங்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன.